கட்டினவரே அவிழ்க்க வேண்டும்

எங்கள் கடையில் ஒரே ஒரு சட்டம். போட்டவன் நான். தையல் முடியாத பட்டத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். கட்டினவரேதான் அதை அவிழ்க்க வேண்டும். வேறு யாராவது கை வைத்தால் தொலைத்துவிடுவேன். ஒருமுறை அழுக்காக இருக்கிறதே என்று துவைக்க அவிழ்த்ததற்காக என் மனைவியை இரண்டு நாள் திட்டித் தீர்த்தேன். "கோர்ட்டுல உக்கார வேண்டிய ஆளு, தையல் மெஷின்ல வந்து உக்காந்துட்டீங்க" என்றாள் மூன்றாம் நாள். அதற்கும் திட்டினேன்.

பட்டம் என்றால் பிள்ளைகள் மொட்டைமாடியில் விடுவது இல்லை. காலடியில் ஒரு பலகை, இடுப்பில் கொக்கி, தலைக்கு மேலே நீளக் கயிற்றில் ஒரு அறையையே மூடுகிற துணி. காற்று இழுக்க இழுக்கக் கடல்மேல் பறக்கிறார்கள். கைட்சர்ஃபிங் என்று பெயர். எங்கள் தீவில் வருஷத்துக்கு ஏழு மாதம் காற்று ஓயாது. பட்டத்தின் முன்விளிம்பில் கை பருமனுக்கு ஒரு குழாய், குறுக்கே சிறியதாக இன்னும் சில, அவற்றுக்குள் காற்றடைத்த பைகள். பை ஓட்டையானால் ஒட்டுவதும் மேலுறை கிழிந்தால் தைப்பதும் என் வேலை. கடலில் இறங்கிக் கற்றுக்கொடுப்பது என் மச்சினன். பட்டங்களை வாடகைக்கு விட்டு, வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவது அவன் அக்கா, அதாவது என் மனைவி. எனக்குச் சிரிக்கவும் வராது, நீச்சலும் வராது.

"மாமா, தண்ணியில காலை நனைக்காம கடல்ல சம்பாதிக்கிற ஒரே ஆளு நீங்கதான்" என்பான் மச்சினன். ஏழு கழுதை வயசாகியும் அவன் வாய் அடங்கவில்லை.

அன்று மத்தியானம் ஆரஞ்சுப் பட்டம் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். உள்பையை ஒட்டியாகிவிட்டது. மேலுறையை ஒற்றை நூலில் தற்காலிகமாக ஓட்டி மூடி, குழாய் நேராக உட்காருகிறதா என்று பார்க்க, வெளியே மணலில் வைத்துக் காற்றடித்தேன். சரியாக இருந்தால் காற்றை இறக்கிவிட்டு மெஷினில் மூன்று வரி அழுத்தித் தைக்க வேண்டும். சிவப்புத் துணி குழாயின் வளைவை மறைத்தது. அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கட்டியவன் நான், எனக்கு உரிமை உண்டு.

அப்போதுதான் பார்த்தேன். படகுக்காரர் தன் பெட்ரோல் கேனை என் புதுத் துணிச் சுருளின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். எனக்கு வந்ததே கோபம்! கேனைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கே போனேன்.

"எத்தனை தடவை சொல்றது? கண்ணு பிடரியிலயா இருக்கு?"

"ஒரு நிமிஷம்தானேப்பா வச்சேன். அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிறே?"

"ஒரு நிமிஷம் போதும்ணே, எல்லாம் நாசமாப் போறதுக்கு!"

கால்மணி நேரம் கத்தினேன். திரும்பி வந்தபோது மணலில் பட்டம் இல்லை.

என் மனைவி கழுத்தில் பைனாகுலரோடு கடலோரம் நின்றிருந்தாள். "பல் டாக்டர் வாசல் பக்கம் போயிட்டாருங்க" என்றாள். பல் டாக்டர் மூன்று நாளாக மச்சினனிடம் கற்றுக்கொள்பவர். வாசல் என்று நாங்கள் சொல்வது பவளப்பாறை வரிசையின் நடுவில் இருக்கும் திறப்பை. நீர் வற்றும்போது உள்ளேயிருக்கிற தண்ணீர் முழுவதும் அந்த வழியாகத்தான் வெளிக்கடலுக்கு ஓடும். "தம்பி கூட்டிட்டு வரப் போயிருக்கான். அவனோட பட்டம் மடிச்சுக் கிடந்துச்சு. காத்தடிச்சு நின்னது அந்த ஆரஞ்சு ஒண்ணுதான். இன்னும் கொஞ்சம் காத்தடிச்சான், நான்தான் தூக்கி விட்டேன். சிவப்புத் துணி இருக்கான்னு ரெண்டு பேரும் பாத்தோம். இல்ல."

என் கை சட்டைப்பையிலிருந்த துணியைத் தொட்டது. அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

"டாக்டர் திரும்பிட்டாரு... அவன் கையைக் காட்டி வழி சொல்றான்... அப்பாடா, உள்ள வந்துட்டாரு" என்றாள்.

அடுத்து நடந்ததைப் பார்க்க வெறுங்கண்ணே போதுமாயிருந்தது. ஆரஞ்சுப் பட்டம் நடுவில் மடங்கிச் சுருண்டு விழுந்தது. ஒற்றை நூல். நான் போட்ட ஒற்றை நூல்.

"பட்டம் விழுந்துடுச்சுங்க. எழுப்பிடுவான்ல?"

முன்குழாயில் காற்று இருந்தால் எழுப்பலாம், அதுதான் போய்விட்டதே. "எழுப்பிடுவான்" என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைக்கு ஓடினேன். கால்மணிக்கு முன்னால் யாரைக் கிழி கிழி என்று கிழித்தேனோ, அவர் கையையே பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, படகை எடுங்க!"

அவர் ஏற்கெனவே கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப முடியாதுப்பா. தண்ணி வெளிய ஓடுது, காத்து உள்ள தள்ளுது. வாசல்ல அலை சுவரு மாதிரி நிக்குது பாரு. நானும் என் தம்பியும் போய்க் கவுந்தோம்னா, ஒரு உசுரு மூணாயிடும். ஓட்டம் தணியட்டும். அரைமணி நேரம்."

"அரைமணியா!"

"தினம் காலையில பலகையில எழுதி வைக்கிறது நீதானே? எப்ப வத்தும், எப்ப ஏறும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். என் கையெழுத்தில்தான் எழுதியிருந்தது. "அப்ப நானும் வர்றேன்" என்றேன்.

"நீச்சல் தெரியாதவன் வந்து என்ன பண்ணுவே? உன்னையும் சேத்துத் தூக்கணும்." அவர் குரலில் கோபமே இல்லை. என்னைத் திட்டியிருந்தால் தேவலை. நான் கொண்டுபோய் எறிந்த கேனிலிருந்துதான் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்றினார்.

மனைவி பக்கத்தில் வந்து நின்றேன். பட்டத்தோடு அவன் வாசலைத் தாண்டிவிட்டான் என்றாள். அவளே எனக்குத் தைரியம் சொன்னாள்.

"பட்டத்தை விடமாட்டான். மிச்சக் குழாயெல்லாம் மிதக்கும், பிடிச்சுக்குவான். நீங்க தைச்சதுங்க அது. அரைகுறையா ஒண்ணையும் வெளிய விடாத ஆளு நீங்க. ஒண்ணும் ஆகாது."

அதற்குமேல் தாங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்து நீட்டினேன். "அவிழ்த்தேன். தையல் முடியல. சண்டை போடப் போயிட்டேன்."

அவள் துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். துணியை வாங்கிக் கைக்குள் மூடிக்கொண்டு, பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள்.

"நீங்களே பாருங்க. பாத்துச் சொல்லுங்க."

கடலுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

பார்த்தேன். வெள்ளை நுரைக்கு அப்பால் ஆரஞ்சாக ஒரு துணுக்கு. அலை ஏறினால் தெரியும், இறங்கினால் காணாது.

"இருக்கானா?"

"இருக்கான்."

"இருக்கானா?"

"இருக்கான்."

பல தடவை பார்க்காமலேதான் சொன்னேன். கண்ணாடியில் உப்பா என் கண்ணில் நீரா என்று புரியவில்லை. இந்தக் கைக்கு ஊசி பிடிக்கத் தெரியும், வேறொன்றும் தெரியாது. பாவி, ஒரு கேனுக்காகப் போய்க் கத்தினேனே.

முப்பத்தைந்து நிமிஷம் கழித்து, படகுக்காரரையும் அவர் தம்பியையும் ஏற்றிக்கொண்டு படகு கிளம்பியது. வாசலில் மூக்கைத் தூக்கி, விழுந்து, மறுபடி தூக்கி, அந்தப் பக்கம் போயே போய்விட்டது. பிறகு திரும்பி வருவது தெரிந்தது.

"எத்தனை தலை?" என்றாள், திரும்பாமல்.

எண்ணினேன். மறுபடி எண்ணினேன். "ரெண்டு."

நான் முழங்காலிட்டுவிட்டேன். பைனாகுலரை மட்டும் இறக்கவில்லை. பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தாளே. படகு ஒரு அலையில் சாய்ந்தபோது அடித்தட்டு தெரிந்தது. ஆரஞ்சுத் துணிக் குவியல். அதற்குக் கீழே ஒரு கால். அந்தக் கால் மடங்கியது.

"மூணு! படுத்திருக்கான்! அசையறான்!"

அவள் என்னைத் தாண்டித் தண்ணீருக்குள் ஓடினாள்.

பாறையில் அடித்து அவனுடைய வலது முழங்கால் பெயர்ந்திருந்தது. இடுப்பிலிருந்து குதிகால்வரை தோல் உரிந்து ரத்தம். உதடு நீலம். தூக்கிக் கரையில் கிடத்தியபோது அவன் கண் அக்காவைத் தேடவில்லை, என்னைத் தேடியது.

"மாமா... துணி இல்லன்னு பாத்துட்டுத்தான் எடுத்தேன். சத்தியமா பாத்தேன். திட்டாதீங்க."

துணியை அவிழ்த்தது நான்தான் என்று அவனிடம் சொல்லவில்லை. நான் சொல்லாததை அவளும் அவனிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். நடப்பான், பலகையில் ஏறுவது பற்றி இப்போது பேச வேண்டாம் என்றார் அங்கிருந்த டாக்டர். நான்காம் நாள் கடையைத் திறந்தேன். கிழிந்த பட்டங்கள் சுவரோரம் குவிந்திருந்தன. உட்கார்ந்து மெஷினின் சக்கரத்தில் கை வைத்தேன். சுற்றவில்லை.

சக்கரத்தோடு சேர்த்துச் சிவப்புத் துணி கட்டியிருந்தது. இரண்டு முடிச்சு, இறுக்கி. முன்னறையில் என் மனைவி யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். தையல் எப்போது ஆகும் என்று அவர்கள் கேட்டார்கள். தெரியாது என்றாள்.

இன்றோடு பன்னிரண்டு நாள். காலையில் பலகையில் நீர் வற்றும் நேரத்தை எழுதிவிட்டு வந்து மெஷின் முன்னால் உட்காருகிறேன். முடிச்சில் நான் கை வைப்பதில்லை.