நிற்காத பந்து

பந்து மூன்றாவது தடவையும் உருண்டு விழுந்தது. பிறேமினி குனிந்து எடுத்தாள்.

அமெரிக்கக் கால்பந்து இரண்டு முனையும் கூர்ந்தது. படுக்கவைத்தால் உருளும். நிமிர்த்தி வைத்தால் அடியில் படுவது ஒரு பென்ஸ் நாணயத்தின் அளவு தோல்தான். அப்பாவின் சவப்பெட்டி மூடியோ நடுவில் மேடாகி இரு பக்கமும் சரிவது. மாலையை வட்டமாகச் சுற்றி அதற்குள் வைத்துப் பார்த்தாள். மெல்லச் சாய்ந்தது.

"படத்தில நிக்குதுதானே பிள்ளை. அப்பிடியே வை," என்றாள் அம்மா பவளக்கொடி.

படம் பெட்டியருகே மேசையில் இருந்தது. எண்பத்தாறாம் ஆண்டு, கோலியர்ஸ் வுட் பூங்கா. அந்த விளையாட்டு லண்டனுக்குப் புதிது. தலைக்கவசத்தோடு அப்பா பாலசுப்பிரமணியன் மண்டியிட்டிருக்க, பக்கத்தில் பந்து நிமிர்ந்து நிற்கிறது. அவருடைய ஒரு கை முழங்காலில். மற்றக் கை பந்துக்குப் பின்னால் மறைந்திருக்கிறது.

பிறகு அவர் பள்ளிக்கூடமொன்றில் பயிற்சியாளரானார். தனக்கும் பழக்கச் சொல்லிப் பன்னிரண்டு வயதில் பிறேமினி கேட்டாள். "பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஏலாது," என்றார். அழுதவளிடம், அம்மாவின் பழைய மஞ்சள் சேலையைப் பட்டிகளாக வெட்டித் தைக்கும் வேலையைக் கொடுத்தார். ஆளுக்கு இரண்டு பட்டி இடுப்பில் தொங்கும். பந்தோடு ஓடுபவரின் பட்டியை உருவினால் ஓட்டம் அங்கேயே நிற்கும். ஆளை விழுத்தத் தேவையில்லை. இருபது பட்டி தைத்தாள். "பொடியளுக்கு," என்றார்.

மண்டப வாசலில் இப்போது பிறேமினியின் வயதொத்த ஒருத்தி வந்து நின்றாள். தாதியர் சீருடைக்கு மேல் கோட். பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள்.

"நான் ஜெஸ்ரின். கோச்சின்ர முதல் டீம். ஷிப்ட் முடிஞ்சு நேரா வாறன்." கைப்பையிலிருந்து வெளிறிய மஞ்சள் பட்டியொன்றை எடுத்தாள். "அவர் தந்தது. இருபத்துநாலு வருசமா வச்சிருக்கிறன்."

பிறேமினி அதைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் அவளுடைய கோணல் தையல்.

"உங்கட டீமில ஆர் ஆர்?"

"நாங்கள் பத்துப் பொம்பிளைப் பிள்ளையள். எல்லாருக்கும் அப்பப் பன்னிரண்டு வயசு. உங்களையும் கூட்டிவரச் சொல்லிக் கேட்டனாங்கள். உங்களுக்கு விருப்பமில்லையாம் எண்டவர்."

பிறேமினி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மாலையில் வாடாத பூவொன்றைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமோ அம்மா?"

"நீ விழுந்து கைகாலை முறிச்சா என்ன செய்யிறது எண்டுதான்..."

"விழாமல் இருக்கத்தானே அம்மா இந்தப் பட்டி."

இன்னும் பத்து நிமிடம் என்று மண்டபக்காரர் வந்து சொன்னார். பந்து மறுபடி உருண்டது. ஜெஸ்ரின் அதை விழாமல் பிடித்தாள்.

"இது தானா நிக்காது. பயிற்சி முடிய எங்களை ஒவ்வொருத்தரா உதைக்க விடுவார். கோச் மண்டியிட்டுப் பிடிச்சிருப்பார். அவர் விளையாடேக்கையும் அதுதானாம் அவற்ற வேலை. உதைச்சவனைத்தான் சனத்துக்குத் தெரியும் எண்டு சிரிப்பார்." மூடியில் பந்தை வைக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். "நீங்கள் பிடியுங்கோ."

பிறேமினி பட்டியை நாலாக மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். பந்தை மூடியின் மேட்டில் நிமிர்த்தினாள். உச்சியில் சுட்டுவிரலை வைத்தாள். அழுத்தினால் சறுக்கியது. அழுத்தாமல் தொட்டாள்.

பந்து நின்றது. விரலை எடுக்காதவரை நிற்கும்.