வில்ஃப் வீட்டு வாசலில் நின்ற கார்

ஆறரைக்கு அலாரம் அடித்தது. லூயிஸ் எழுந்து கெட்டிலைப் போட்டான். பூனைக்குத் தீனி வைத்தான். குப்பை எடுக்கும் நாள் என்பதால் நீலத் தொட்டியைத் தெருவுக்கு உருட்டிப்போய் வைத்தான். ரொட்டி கருகியது. கருகலைச் சுரண்டிவிட்டுத் தின்றான். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டான். பிறகு வெளியே வந்து, கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியை ஒரு பழைய பிளாஸ்டிக் கடை அட்டையால் சுரண்டினான். கார் ஹேசலுடையது. பதினொன்றரைக்கு ஹேசலின் அடக்கம்.

ஹேசலின் அக்கா லின்சி ஒன்பது மணிக்கே ஸ்டேன்ஹோப் ஊரிலிருந்த அவன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"இந்த டப்பாவுலயா வரப்போற? கறுப்பு கார் ரெண்டு சொல்லியிருக்கோம்ல?"

"இதுலயே வரேன்."

"கதவு பூரா கீறல். சீட்டு பூரா பிஸ்கட் தூளு. அம்மா பாத்தா அழுவா, லூயிஸ்."

"அழத்தானே வராங்க."

லின்சி சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சமையலறை மேசையைப் பார்த்தாள். வருமான வரி மனுத் தாளும், பக்கத்தில் ஹேசலின் சிவப்பு நோட்டும் இருந்தன.

"இன்னுமா இதைக் கட்டிக்கிட்டு அழற? ஏப்ரல் வரைக்கும் டைம் இருக்கில்ல?"

"முடிஞ்சிடுச்சு. ஒரு வரி எழுதுறதுதான் பாக்கி."

ஹேசல் பள்ளத்தாக்கின் மேலும் கீழும் போய், தனியாக இருக்கும் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, மாத்திரை கொடுத்து வருவாள். ஒரு நாளைக்கு ஒன்பது வீடு. சொந்தக் கார். பெட்ரோலுக்கென்று கம்பெனி கொடுப்பது போதாது. குறையும் பங்குக்கு வரியில் கழிவு கேட்கலாம் என்று லூயிஸ்தான் கண்டுபிடித்துச் சொன்னான். கணக்குப் போட்டால் அவள் கைக்கு வந்தது மைலுக்கு நாலு பென்ஸ் காசு.

இப்போது அந்த மனுவை அவன் நிரப்பிக்கொண்டிருந்தான். 'இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு' என்று கேட்ட கட்டத்தில் கணவன் என்று எழுதியாகிவிட்டது. மூன்று வாரமாக வீட்டுக்கு வந்த மற்ற எல்லாத் தாள்களும் அவள் நின்றுபோனதைப் பற்றியவை. இந்த ஒரு தாள் மட்டும் அவள் எங்கெல்லாம் போனாள் என்று கேட்டது. தினமும் சாயங்காலம் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எந்த வீட்டிலிருந்து எந்த வீடு, எத்தனை மைல். விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டினான். கூட்டி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து கூட்டினான்.

கடைசி வரி: கௌஸ்ஹில்லிலிருந்து வேர்ஹெட், வில்ஃப் பியர்ட் வீடு, இரண்டு மைல். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அவள் பார்த்துக்கொள்ளும் முதியவர்களில் ஒருவரான வில்ஃப்பின் வீட்டு வாசலில், ஓட்டுநர் இருக்கையில்தான் அவளைக் கண்டார்கள். மடியில் நோட்டு இருந்தது. தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. முப்பது வயது.

கம்பெனி அட்டவணைப்படி அவள் வில்ஃப் வீட்டில் பன்னிரண்டு வரை இருந்திருக்க வேண்டும். தபால்காரர் கார்க் கண்ணாடியைத் தட்டியது பன்னிரண்டு பத்துக்கு. பத்து நிமிடம். பத்து நிமிடத்தில் யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மருத்துவர் சொன்னார். அந்தப் பத்து நிமிடத்தின் மேல்தான் லூயிஸ் மூன்று வாரமாகத் தூங்கி எழுந்துகொண்டிருந்தான்.

இன்னொன்றும் இருந்தது. அன்று காலை அவன் காதில் ஹெட்போனோடு அலுவலக மீட்டிங்கில் இருந்தான். ஹேசல் போகும்போது ஏதோ சொன்னாள். அவன் திரும்பாமல் கையை மட்டும் தூக்கினான். என்ன சொன்னாள் என்று தெரியாது. இனி தெரியப்போவதும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் பேசிய கடைசி ஆள் வில்ஃப். அவள் கடைசியாகச் சொன்னது என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு முறை போன் செய்தான். அவர் எடுக்கவில்லை.

மெதடிஸ்ட் கோயிலில் வில்ஃப் கடைசி வரிசையில், பிடித்து நடக்கும் நடைச்சட்டத்தை முன்னால் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோதும் அவர் எழவில்லை. மண் போட்டு முடித்து, எல்லோரும் டீக்கு வந்தபோது லூயிஸ் நேராக அவரிடம் போனான்.

"ஹாம் நல்லாருக்கு," என்றார் வில்ஃப், அவன் வாயைத் திறக்குமுன், தட்டிலிருந்த பன்றிக்கறித் துண்டைக் காட்டி. "தடியா வெட்டியிருக்காங்க. எங்க வீட்டுக்காரி சாவுக்குக் காகிதம் மாதிரி போட்டானுவ."

"உங்களை யாரு கூட்டிட்டு வந்தா?"

"டாக்ஸி. மூணு மணிக்குத் திரும்ப வரச் சொல்லியிருக்கேன்."

"வேணாம்னு சொல்லிடுங்க. நான் கொண்டுபோய் விடறேன்."

வில்ஃப் தட்டையே பார்த்தார். "உனக்கு எதுக்கு தம்பி சிரமம்?" என்றார். ஆனால் மறுக்கவில்லை.

நடைச்சட்டத்தை மடித்துப் பின்சீட்டில் போட்டான். பத்து மைலில் வில்ஃப் பேசியது ஒரே ஒரு தடவை.

"இந்தச் சீட்டுல அவ என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. மூணாவது கியரு போட்டா கார் முனகும். 'கெழவனுங்க எல்லாரும் இப்படித்தான்'னுவா."

கார் முனகியது.

வீட்டுக்குள் கூட்டிப்போய் அவரை நாற்காலியில் உட்காரவைத்தான். நாற்காலி ஜன்னலோரம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் வாசல் கேட்டும், கேட்டுக்கு வெளியே ஹேசலின் காரும் தெரிந்தன. காரின் கூரையும் ஓட்டுநர் இருக்கையின் தலைப்பக்கமும் தெளிவாகத் தெரிந்தன.

"நான் போன் எடுக்கல," என்றார் வில்ஃப்.

"பரவால்ல."

"பன்னண்டு மணிக்கு அவ போகல தம்பி. பதினொண்ணு இருபதுக்கே போயிட்டா. நர்சு காலைலயே வந்து என்னைக் குளிப்பாட்டிட்டா. 'இவளுக்கு இங்க என்ன வேலை, பாவம், நேரத்தோட போகட்டும்'னு நான்தான் அனுப்பிவச்சேன்."

லூயிஸ் மனதுக்குள் கழித்துப் பார்த்தான். ஐம்பது நிமிடம். மறுபடி கழித்தான்.

"பாத்துட்டுத்தான் இருந்தேன்," என்றார் வில்ஃப். "இங்கேர்ந்தே பாத்தேன். கார் கெளம்பல. அவ தலையைக் குனிஞ்சாப்ல இருந்தா. எழுதுறான்னு நெனச்சேன். எப்பவும் எழுதிட்டுத்தானே போவா? ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் உக்காந்து எழுதுவா. 'எவனுக்குடி காதல் கடுதாசி'ன்னு கேப்பேன். 'வரி ஆபீஸ்காரனுக்கு'ன்னுவா. அன்னைக்கு ரொம்ப நேரமா எழுதுறாளேன்னு நெனச்சேன். சரி, பழைய பாக்கி இருக்கும்னு... நியூஸ் போட்டான். நியூஸ் பாத்தேன்."

லூயிஸ் ஜன்னலருகே போய் நின்றான்.

ஆரம்பத்தில் ஹேசல் அப்படி எழுதுகிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சோபாவில் கால் நீட்டி, ஒரு வாரத்தையும் மனப்பாடமாக எழுதுவாள். பத்து, பத்து, அஞ்சு, பத்து. எல்லாம் முழு எண்.

"இதை எவன் நம்புவான்?" என்று அவன் கேட்டான். "மீட்டரைப் பாத்து அங்கங்க எழுதணும் ஹேசல்."

"நம்பாதவன் என்கூட வண்டியில வரட்டும்டா. வந்து வில்ஃப் வீட்டு பாத்ரூமையும் கழுவிட்டுப் போகட்டும்."

"விளையாடாத. அப்பப்ப எழுது. ரெண்டு நிமிஷ வேலை."

"நாலு பென்ஸுக்கு நாய் மாதிரி குரைக்கிறான் பாரு," என்று பூனையிடம் சொன்னாள். மறுநாளே சிவப்பு நோட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு ஒரு வாசலைக்கூட விட்டதில்லை.

"தபால்காரன் மட்டும் வரலன்னா இன்னும் எவ்வளவு நேரம் பாத்துட்டே இருந்திருப்பேனோ," என்றார் வில்ஃப். "ஒரு போன் அடிச்சிருக்கலாம். கதவத் திறந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாம். உன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்னுதான்..."

"அங்கங்க நின்னு எழுதச் சொன்னது நான்தான்," என்றான் லூயிஸ்.

வில்ஃப் அவனைப் பார்த்தார். சாலையில் ஆடுகளை ஏற்றிய ஒரு லாரி போனது.

"உக்காரு," என்றார்.

லூயிஸ் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றான். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

"கடைசியா அவ என்ன சொன்னா, வில்ஃப்?"

"பெருசா ஒண்ணும் இல்ல தம்பி. எப்பவும் சொல்றதுதான்."

"பரவால்ல. சொல்லுங்க."

வில்ஃப் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"கோட்டை மாட்டிட்டுக் கெளம்பினா. வழியனுப்பலாம்னு நான் நடைச்சட்டத்தைப் பிடிச்சு எந்திரிக்கப் போனேன். அவ என் தோளைப் பிடிச்சு அமுத்தினா. 'எந்திரிக்காதீங்க வில்ஃப். கதவ நானே சாத்திக்கிறேன்.'"