முத்திரையின் கடைசிப் புள்ளி

அந்த விளையாட்டு உலகத்தை உண்டாக்கியவன் ஆளுக்கு மூன்று உயிர் கொடுத்திருந்தான். தாராள மனசு என்று நினைத்துவிட வேண்டாம். மலைக்கடியில் ஏழு தலைப் பாம்பை வைத்தவனும் அவன்தான். உயிர்கள் மூன்று மணிகளாகக் கழுத்தில் மின்னும். முத்திரைக்காரிக்கும் அவள் தம்பிக்கும் மிச்சம் ஒவ்வொரு மணிதான். அவள் இரண்டை வேலையில் இழந்தாள். தம்பி ஒன்றைப் பந்தயத்தில் தொலைத்தான், இன்னொன்றை அதே பந்தயத்தில் ஜெயித்தே தீருவேன் என்று தொலைத்தான். ஊரில் அவனுக்கு 'அவசரம்' என்று பெயர்.

உண்மையில் அவசரக்காரி அக்காதான். அந்தப் பாம்பு கிடக்கும் குகையின் வாசலில் மந்திர முத்திரை எழுதுவது அவள் வேலை. எட்டு இதழ், நடுவில் ஒரு புள்ளி. புள்ளி விழுந்ததும் முத்திரை உயிர் பெறும். பிறகு உள்ளிருந்து பாம்பும் வராது, மனிதனும் வர முடியாது. அவளைவிட வேகமாக எழுத ஊரில் ஆள் கிடையாது. அந்தப் பெருமையில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று காலை பழைய முத்திரை வெடித்துவிட்டது. தம்பி ஈட்டியோடு உள்ளே ஓடிப் பாம்பை மடக்கி நிறுத்தினான். அவன் திரும்பி வந்த பிறகுதான் புள்ளி வைக்க வேண்டும். அவள் புது முத்திரையின் எட்டாவது இதழை முடித்தாள். பழக்கதோஷத்தில் விரல் தானாக நடுவுக்குப் போய்ப் புள்ளியையும் வைத்துவிட்டது.

ஓடி வந்த தம்பி, கண்ணுக்குத் தெரியாத சுவரில் மோதி விழுந்தான்.

"அக்கா, நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்!"

எழுதிய கையால்தான் புள்ளியை அழிக்க முடியும். அழித்த கை பிறகு எதற்கும் உதவாது. அவள் யோசிக்கவே இல்லை. வலது உள்ளங்கையால் புள்ளியைத் தேய்த்தாள். முழங்கை வரை சாம்பல் நிறமாகிக் கை தொங்கிப் போனது.

சுவர் விலகியதும் பாம்பின் நடுத்தலை பாய்ந்தது. தம்பி திரும்பி, ஈட்டியை அதன் தாடைக்குக் குறுக்கே கொடுத்து நின்றான். அவன் குதிகால் முத்திரையின் ஓரம் வரை சறுக்கியது. வெளியே, சரிவுக்குக் கீழே ஊர் இருந்தது.

"புள்ளிய வையிக்கா."

"நீ வெளிய வா முதல்ல."

"நான் விட்டா இதுவும் கூடவே வரும். இடது கை இருக்குல்ல? வை!"

"கோணலா விழும்டா."

"பரவால்ல, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

இந்த நேரத்திலும் அவனுக்குக் கிண்டல். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தன. சற்று முன் தெரியாமல் அடைத்தாள். இப்போது தெரிந்தே அடைக்கச் சொல்கிறான். ஊர் பிழைக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெளியே நின்று இந்தப் புள்ளியை வைத்தால் ஆயுசுக்கும் அவள் தொண்டையில் சோறு இறங்காது.

அவள் இதழ்களைத் தாண்டி உள்பக்கம் வந்தாள். குனிந்து, இடது விரலால் நடுவில் புள்ளி வைத்தாள். கோணல்தான். ஆனாலும் முத்திரை பிடித்துக்கொண்டது.

"பைத்தியமா உனக்கு?" தம்பி கத்தினான். அவன் குரல் உடைந்திருந்தது.

"திட்டறதெல்லாம் அப்புறம். நான் எந்தத் தலையப் பாத்துக்கணும், அதச் சொல்லு."