பயந்த பிறகு

செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கும் சடங்கு முடிந்தது. தகப்பன் நடராசாவின் நெற்றியில் கலைந்திருந்த திருநீற்றைச் சாருஜா மறுபடி பூசிக்கொண்டிருந்தபோது, வாசல் படலைப் பக்கம் திடீரென்று பேச்சு நின்றது.

நாகலிங்கம் வந்திருந்தார். வலது காலை இழுத்து நடப்பவர். உள்ளே வராமல் வெயிலில் நின்றார்.

நடராசா ஆயுள் முழுக்க எழுதியது ஒன்றைப் பற்றித்தான். சர்வாதிகாரிகளுக்குக் கீழே விஞ்ஞானிகள் எப்படி ஆராய்ச்சி செய்தார்கள், யார் பொய்க்குத் தலையாட்டினார்கள், யார் மறுத்துச் சிறைக்குப் போனார்கள் என்ற சரித்திரம். எல்லாம் வேறு நாட்டுக் கதை. ஆனாலும் யுத்த காலத்தில், யாரை மனதில் வைத்து எழுதுகிறாய் என்று கேட்டு அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கூடப் படிப்பித்த சிநேகிதர் நாகலிங்கத்தையும் விசாரித்தார்கள். அவரோ, அந்த ஆளை எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்று சொல்லிவிட்டார். நடராசா திரும்பி வந்தபோது ஒரு காது கேட்கவில்லை.

"உவர் பாடையிலை கை வைச்சால் நான் கொள்ளி வைக்கமாட்டன்," என்றான் மகன் சிவகரன். குரல் உயரவில்லை. முழுகிய ஈர வேட்டியோடு நின்றான். ஐயர் நேரம் போவதைச் சொல்ல வாயெடுத்து, குனிந்து தர்ப்பையை ஒழுங்குபடுத்தினார்.

சாருஜா படலைக்குப் போனாள். தகப்பனின் புத்தகங்களைத் தட்டச்சு செய்து கொடுத்தவள் அவள்தான். தலையாட்டினவர்களைப் பற்றியும் ஏன் இவ்வளவு பொறுமையாக எழுதுகிறீர்கள் என்று ஒருநாள் அவரோடு சண்டை பிடித்திருந்தாள்.

"அவங்கள் பயந்தவங்கள், பிள்ளை," என்றார் தகப்பன் அன்று. "பயந்தவன் பிறகு என்ன செய்தவன் எண்டு தேடாமல் சரித்திரத்தை முடிக்கப்படாது."

அதையே இப்போது நாகலிங்கத்திடம் கேட்டாள்.

"பிறகு என்ன செய்தனீங்கள், மாமா?"

ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட வேண்டுமே என்று அவள் மனம் கடவுளை இரந்தது. நாகலிங்கம் யோசித்தார்.

"ஒண்டும் செய்யேல்லை, பிள்ளை. இண்டைக்கு வந்தனான்."

அவள் கிணற்றடிக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க நியாயம் பார்க்கத் தேவையில்லை. கிழவர் குடிக்கையில் பாதி சட்டையில் சிந்தியது.

பிறகு தமையனிடம் போய், கேட்டதையும் அவர் சொன்னதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"பொய் சொல்லேல்லை, அண்ணை. சொல்லியிருக்கலாம்."

சிவகரன் தகப்பனின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொள்ளிச்சட்டியைக் கையில் எடுத்தான்.

பாடை எழுந்தது. பின்கொம்பைத் தாங்கி நின்றவர் கொஞ்சம் விலகி இடம் விட்டார். நாகலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கை கொடுத்தார்.

பெண்கள் படலைக்கு அப்பால் போவதில்லை. சாருஜா அங்கேயே நின்று பார்த்தாள். கொள்ளிச்சட்டி ஏந்தினவன் திரும்பிப் பார்க்கக்கூடாது; சிவகரனும் பார்க்கவில்லை. ஒழுங்கை திரும்பும் முடக்கில் பறை சற்று ஓய்ந்தது. மணலில் ஒரு கால் இழுபடும் சத்தம் கேட்டது.

முன்னால் சட்டியோடு போனவன் நடையைக் குறைத்தான்.