மாற்று சிலிண்டர்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு டூட்டி ஏறிய யசோதரா, புதன் மதியம் வரை வண்டியை விட்டு இறங்கவில்லை. அந்தத் தனியார் ஆம்புலன்ஸில் நோயாளியோடு பின்னால் உட்கார்ந்து வர மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி வேலையை விட்டுப் போய்விட்டாள், இன்னொருவருக்கு மஞ்சள் காமாலை. "இன்னிக்கு ஒரு நாள் சமாளிம்மா" என்று மேனேஜர் சொல்லத் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது.

அந்தப் புதன் மதியம் எண்ணூர் மீனவர் குப்பத்தில் ஞானதுரையை ஏற்றினார்கள். அறுபது வயது. அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் சுவாசித்தே நெஞ்சு பழுதானவர். யசோதரா மாஸ்க்கை மாட்டி ஆக்சிஜனைத் திறந்ததும் திணறல் அடங்கிக் கண்ணை மூடினார். சிலிண்டரில் கால்வாசிதான் இருந்தது. தீரும்போது பக்கத்திலிருந்த மாற்று சிலிண்டருக்குக் குழாயை மாற்ற வேண்டும். ஒரு நிமிஷ வேலை.

திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. டிரைவர் ஜஹாங்கீர் சைரனை அலறவிட்டார், இறங்கிப் போய்க் கத்தியும் பார்த்தார். வெயிலில் வண்டி கொதித்தது. ஞானதுரையின் மனைவி தாயம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யசோதரா சிலிண்டர் முள்ளைப் பார்த்தாள். இன்னும் பத்து நிமிஷம் வரும் என்று நினைத்தாள். அதற்கப்புறம் எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை.

வண்டி ஒரு பள்ளத்தில் தூக்கிப் போட்டபோது விழித்தாள். முள் பூஜ்யத்தில் கிடந்தது. அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. "பாய், சீக்கிரம்!" என்று கத்திக்கொண்டே குழாயை மாற்றினாள். ஆஸ்பத்திரி வாசல் வரை விடாமல் அவர் நெஞ்சை அழுத்தினாள்.

டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். "மூச்சு எப்ப நின்னுச்சு?"

ஜஹாங்கீர் அவள் பின்னால் வந்து நின்றார். "ஆஸ்பத்திரி கேட்டாண்டதான் நின்னுச்சுன்னு சொல்லிடு யசோ," என்று முணுமுணுத்தார். "வேல பூடும். கேசு ஆயிடும்."

"தெரியாது சார். நான் தூங்கிட்டேன்," என்றாள் யசோதரா. "சிலிண்டர் தீந்தத பாக்கல."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

தாயம்மா வராந்தா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். யசோதரா அவள் முன்னால் போய்க் குந்தி, அதையே மறுபடி சொன்னாள். தாயம்மாவுக்குக் கோபம் வரவில்லை.

"நீ கண்ண மூடுனத நான் பாத்துகினுதான் கண்ணு இருந்தேன். அவுரும் அசந்து தூங்கினு இருந்தாரு, நீயும் தூங்கினு இருந்தே. பாவம், எழுப்ப மனசு வர்ல." சட்டென்று அவள் யசோதராவின் கையைப் பிடித்தாள். "நான் எழுப்பியிருந்தா அவுரு பொழச்சிருப்பாரா?"

யசோதரா அந்தக் கண்களைப் பார்த்தாள்.

"இல்லம்மா," என்றாள். "எழுப்பியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

வேலை அன்றே போனது. பிறகு விசாரணைக்கென்று போலீஸ் ஸ்டேஷனுக்கு எத்தனையோ முறை நடந்தாள். ஆனால் அந்தப் புதன்கிழமை வியாசர்பாடி வீட்டுக்குப் போய்ப் படுத்தவள், மறுநாள் மதியம் வரை புரண்டுகூடப் படுக்காமல் தூங்கினாள். எழுந்து உட்கார்ந்ததும், இப்படித் தூங்க முடிந்ததே என்றுதான் முதலில் அழுதாள்.