கீர்த்தனி கனடா போகவில்லை

ஓர்ஸ் ஹில் பல் டொக்டர் கீர்த்தனி கனடாவுக்கு அக்காவிடம் போகிறாள் என்று ஊரே நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? கதையைக் கட்டிவிட்டவளே அவள்தான். உண்மையில் நாளை அவள் போவது கொழும்புக்கு. நாக்கின் ஓரத்தில் புற்றுநோய். எவ்வளவு வெட்டவேண்டி வரும், பிறகு பேச்சு வருமா என்று கேட்டதற்கு, வெட்டும்போதுதான் தெரியும் என்று அங்கே கைவிரித்துவிட்டார்கள்.

வேறு யாருக்காவது வாயில் புண் ஆறாமல் இருந்தால், இரண்டு கிழமைக்கு மேல் பொறுக்கமாட்டாள். ஏசிப்பேசி ஆஸ்பத்திரிக்குத் துரத்துவாள். தன் நாக்கில் வந்தபோது மட்டும் பல்லின் கூர் உரசுகிறது என்று தானே முடிவுகட்டினாள். கண்ணாடி முன் நின்று அந்தப் பல்லைத் தானே ராவி, மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தாள். படித்த படிப்பெல்லாம் அடுத்தவர் வாய்க்குத்தான் போலும்.

கிளினிக்கைப் பொறுப்பெடுக்க வந்த இளம் டொக்டர் நிசாந்துக்குக் காலையிலிருந்து எல்லாம் காட்டிக்கொடுத்தாள். கடற்காற்றுக்குப் பல் பிடுங்கும் குறடுகள் துருப்பிடிக்கும், கொதிநீரில் அவித்த கையோடு ஈரம் துடைக்கவேண்டும். தண்ணி மோட்டர் சிலநேரம் இழுக்காது, ஒரு தட்டுத் தட்டவேண்டும். அவனிடமும் கனடாக் கதைதான் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு சாமானைக் காட்டும்போதும், இனி இதைத் தொடுவேனா என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியாக வந்தவர் கட்டைபறிச்சான் ஊர்ச் சின்னராசா. கடலுக்கு அஞ்சாத மனிசன், ஊசிக்கு நடுங்குவார். மீன் விலையோ மருமகனின் குறையோ, கீர்த்தனி எதையாவது கதைத்துக்கொண்டே இருந்தால்தான் வாய் திறப்பார்.

“இண்டைக்குப் புது டொக்டர்தான் புடுங்கப்போறார், அண்ணை. நான் பக்கத்தில நிக்கிறன்.”

“நீங்கள் கதையுங்கோ பிள்ளை, அது காணும்.”

அவள் கதைக்கவில்லை. நிசாந் பழகட்டும் என்பது வெறும் சாட்டு. பேச்சு இல்லாவிட்டால் இந்த அறையில் தன்னால் என்ன பயன் என்று இன்றைக்கே பார்த்துவிட நினைத்தாள். ஊசியைக் கண்டதும் சின்னராசா வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அவள் தோளைத் தடவினாள், தலையாட்டினாள். ஒன்றும் எடுபடவில்லை.

“ஏன் பேசாம நிக்கிறியள்?” என்றார் பல்லிடுக்கால். “இப்பவே கனடாவுக்குப் போயிட்டியளோ? வந்து அங்கத்தைய கதை முழுக்கச் சொல்லோணும்.”

அவள் அவர் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

“நான் கனடா போகேல்லை, அண்ணை.”

அவர் வாய் தானாகத் திறந்தது. நிசாந்தின் கை அந்தரத்தில் நின்றது.

“நிப்பாட்டாதேங்கோ நிசாந், ஊசியைப் போடுங்கோ,” என்றாள். பிறகு புண்ணைப் பற்றி, தானே ராவின பல்லைப் பற்றி, கொழும்பில் வெட்டப்போவதைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். விறைக்கும்வரை சொன்னாள், குறடு பிடித்தபோதும் சொன்னாள். பல் வந்ததே அவருக்குத் தெரியவில்லை.

பஞ்சைக் கடித்தபடி கண் கலங்க எழும்பியிருந்தவர், ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“கதைக்காதேங்கோ அண்ணை, ரத்தம் கசியும்.”

நிசாந் குறடைக் கையில் வைத்தபடி தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“எனக்குப் பயமாக் கிடக்கு,” என்றாள் கீர்த்தனி.

நாளைக்குப் பிறகு இதைக்கூடச் சொல்ல ஏலுமோ தெரியாது என்று, இன்னொரு முறை சொன்னாள்.