கரைக்கு வந்த புத்தகம்

1942, யுத்த வருஷம். கப்பல் மூழ்கியது, ஒருவரும் தப்பவில்லை என்று திங்கட்கிழமை காலை தூத்துக்குடி கம்பெனி ஆபீசுக்குத் தந்தி வந்தது. குமாஸ்தா இசக்கியப்பன் அந்தக் கப்பலின் காகிதக் கட்டை அவிழ்த்தார். ஆட்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் பார்த்து, உள்ளூர்க்காரர் ஒன்பது பேரின் பெயர்களை எழுதி மாதா கோயிலுக்கு அனுப்பினார். நாலு மணிக்கு ஆளுக்கொரு துக்கமணி அடிப்பதாகச் சாமியார் சொல்லிவிட்டார்.

மூன்றரைக்கு மெட்டில்டா வந்தாள். பட்டியலில் ஏழாவது பெயர் அவள் புருஷன் தனராஜ், கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். கறுப்புச் சேலை கட்டியிருந்தாள். அழுது முடித்த முகம். தனராஜின் சர்வீஸ் புத்தகம் வேண்டும் என்றாள். அதில் போட்டோ ஒட்டியிருக்கிறதாம். வீட்டில் வேறு படம் இல்லையாம்.

"அது கேப்டன் பெட்டியில இருக்கும்மா. ஆளு எறங்குனாத்தான் புத்தகம் கரைக்கு வரும்."

சொல்லி வாய் மூடவில்லை, அவர் கை மைக்கூட்டுப் பக்கம் போயிற்று. சனிக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு தபால் வந்திருந்தது. தடித்த கவர். வந்த காகிதத்தை அன்றைக்கே நம்பர் போட்டுப் பதிய வேண்டும் என்பது சட்டம். ஆறுமுகநேரிக்குப் போகும் அவசரத்தில் அதை மைக்கூட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருந்தார்.

கவரைக் கிழித்தார். தனராஜின் புத்தகம். கூடவே கேப்டனின் சீட்டு: கடுங்காய்ச்சல், கொழும்பு ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டோம், பதிலுக்கு அங்கேயே ஒருவனை ஏற்றிக்கொண்டோம், அவன் பெயர் கீழே.

படித்துச் சொன்னார். மெட்டில்டா போட்டோவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இது என்னைக்கு வந்துச்சு அண்ணாச்சி?"

பொய் வாய்வரை வந்தது. "சனிக்கிழமை."

"பாவி மனுசா, காலையில இருந்து என்னைய அழ விட்டுட்டியளே." பெஞ்சில் உட்கார்ந்தவள் சிரித்தேவிட்டாள். "உசுரோட இருக்கவனுக்கு மணி அடிக்கப் போறாவ. ஓடுங்க."

ஓடினார். செருப்பு ஆபீசிலேயே கிடந்தது. மணிக்கயிற்றைப் பிடித்து நின்றவனிடம் பட்டியலை வாங்கி ஏழாவது பெயரை அடித்துக் கொடுத்தார்.

திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தபோது மணி தொடங்கியது. எண்ணினார். எட்டோடு நின்றது.

வரவுத் தேதி சனி, பதிந்த தேதி திங்கள் என்றே எழுதினார். தனராஜுக்குப் பதில் ஏறியவனின் பெயரை அடுத்த வரியில் எழுதினார். அவன் வீட்டுக்கும் சொல்லியனுப்ப வேண்டும், ஆனால் ஊர் எது என்று சீட்டில் இல்லை. கொழும்புக்குக் கேட்டு எழுத ஒரு தாளை எடுத்தார்.